சவுக்கு மரமும் தேர்வுக் கட்டுரையும்

எங்கள் தெருவில் வசிக்கும் மாணவி ஒருவர் கலைக் கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கியம் முதலாண்டு பயில்கிறார். சென்ற மாதம், திருத்தித் தரப்பட்ட அகமதிப்பீட்டுத் தேர்வு விடைத்தாளுடன் என் வீட்டுக்கு வந்தார். பத்து மதிப்பெண் கட்டுரைக்கு நான்கு மதிப்பெண் கிடைத்திருந்தது. கட்டுரை நான்கு பக்கம் நீண்டிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: 'சம்மரி'.

"ஒரு வரியைக்கூட விடவில்லை சார். எழுத்துப் பிழையும் இல்லை. அப்புறம் ஏன் பாதி மதிப்பெண்கூட வரவில்லை?" என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுதியாக இருந்தது. பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் அவர். தம் ஆங்கிலம்தான் காரணம் என்று முடிவே செய்திருந்தார்.

கேள்வி, தோரு தத் எழுதிய, 'எங்கள் சவுக்கு மரம்' என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கிலக் கவிதையைப் பற்றியது. அந்த மரம் கவிஞருக்கு ஏன் அத்தனை முக்கியமானதாகிறது என்பதை ஆராய்ந்து எழுத வேண்டும். தமிழ்நாட்டு பிளஸ் 2 ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்ற கவிதை அது. பள்ளியில் மனப்பாடம் செய்திருந்த பத்தியைச் சற்று நீட்டி மாணவி எழுதியிருந்தார். முதல் பக்கம் கவிஞரின் வாழ்க்கை வரலாறு. அடுத்த இரண்டு பக்கங்களில் மரம், அதைச் சுற்றிய கொடி, உச்சியில் அமர்ந்த குரங்கு, குளத்து அல்லிகள், விளையாட்டுத் தோழர்கள் என்று கவிதை முழுவதும் வரிசைப்படி வந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் உவமை, உருவகம் ஆகியவற்றின் பட்டியல். இறுதியாக, கவிஞர் மரத்தை மிக அழகாக வருணித்துள்ளார் என்று ஒரு வாக்கியம்.

பிழை என்று சுட்டிக்காட்ட அதில் எதுவும் இல்லை. 'ஏன்' என்ற கேள்விக்கான விடையும் இல்லை.

நான் ஆங்கிலப் பேராசிரியன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன். ஆயினும் பட்டப்படிப்பில் பகுதி-2 ஆங்கிலம் எல்லோருக்கும் உண்டு என்பதால், நானும் ஷேக்ஸ்பியரைக் குறிப்பேட்டிலிருந்து உருப்போட்டு எழுதித் தேறியவன்தான். பிற்காலத்தில் விடைத்தாள் திருத்தும் மேசையில் அமர்ந்தபோது, இதே நோயைப் பொருளியலிலும் கண்டேன். பணவீக்கத்துக்குத் தேவை மிகுதி காரணமா, உற்பத்திச் செலவின் உயர்வு காரணமா என்று கேட்டால், பணவீக்கத்தின் வரையறை, வகைகள், விளைவுகள், தீர்வுகள் என்று ஒரு பாடம் முழுவதும் வந்து இறங்கும். கேட்டதற்கான விடை மட்டும் வராது. பக்கங்களை எண்ணி மதிப்பெண் போட்ட நாள்கள் எனக்கும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஒரு நாளில் முடிக்க வேண்டிய தாள்களின் கட்டு எதிரே இருக்கும்போது, நீளமே உழைப்பின் அடையாளமாகத் தெரியும்.

எனவே மாணவரை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எதற்குக் கூலி கிடைக்கிறதோ அதையே மனிதர்கள் மிகுதியாகச் செய்வார்கள் என்பது பொருளியலின் பால பாடம். பிளஸ் 2 ஆங்கிலத் தேர்வில் ஒரு பாடத்தைப் பற்றி ஏறத்தாழ 150 சொற்களில் ஒரு பத்தி எழுதினால் ஐந்து மதிப்பெண். அதற்கு உள்ளடக்கத்தைச் சுருக்கிச் சொன்னாலே பெரும்பாலும் போதும். தமிழ்த் தேர்விலோ 'நயம் பாராட்டல்' வினாவுக்கு மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, அணி என்று தலைப்பிட்டு நிரப்பக் கற்றுத் தருகிறோம். மோனை இருக்கிறது என்று காட்டினால் மதிப்பெண் உண்டு. அது அந்தப் பாட்டில் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இந்த இரண்டு பழக்கங்களோடும் கல்லூரிக்குள் நுழையும் மாணவர், ஆங்கில இலக்கியத் தாளில் சுருக்கத்தையும் பட்டியலையும் ஒட்டவைத்துத் தருகிறார். அது அவர் கற்ற பாடத்தின் நேர்மையான வெளிப்பாடு.

இத்தனைக்கும் உரை எழுதும் கலையில் நமக்கு நெடிய மரபு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், உரைக்குரிய கூறுகளாகப் பதினான்கைச் சொல்கிறது. அவற்றுள் தொகுத்துரைத்தல் ஒன்றே ஒன்று. கருத்து, உதாரணம், வினா, விடை, துணிவு, பயன் என்று மற்றவை அதைத் தாண்டிச் செல்கின்றன. துணிவு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. ஐயம் எழும் இடத்தில், பொருள் இதுதான் என்று ஒரு பக்கம் நின்று சொல்வது அது. திறனாய்வுக் கட்டுரையின் உயிர்நிலையும் அதுதான். பொழிப்புரை எழுதத் துணிவு தேவையில்லை.

கவிதையைப் படிப்பதில் உள்ள தடுமாற்றம் நம் மாணவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரைச் சொல்லாமல் கவிதைகளைக் கொடுத்து மாணவர்களின் கருத்துகளை எழுதி வாங்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, நன்கு படித்த அந்த இளைஞர்களில் பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்தனர். அந்த அனுபவத்தை அவர் 1929-இல் நூலாக வெளியிட்டார். மொழித் தேர்ச்சி வேறு, ஒரு படைப்பைக் கவனித்துப் படிக்கும் தேர்ச்சி வேறு என்பதற்கு அந்நூல் இன்றும் சான்று.

கேள்விக்கு ஒரு விடை, அந்த விடைக்குப் படைப்பிலிருந்து சான்று, சான்று எப்படி விடையைத் தாங்குகிறது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே திறனாய்வுக் கட்டுரை. பிரிட்டன் பள்ளிகளில் சிறுவர்களுக்கே இதைச் சூத்திரம் போலச் சொல்லித் தருகிறார்கள். சூத்திரமாக மட்டும் கற்றால் அதுவும் சலிப்பூட்டும் என்பது வேறு செய்தி. இதில் கடினமானது முதல் அடி, அதாவது விடையை ஒரே வாக்கியத்தில் சொல்வது. அந்த வாக்கியத்துக்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கவிதையைப் படித்த ஒருவர் அதை மறுத்து வாதிட முடிய வேண்டும். 'தோரு தத் மரத்தை அழகாக வருணிக்கிறார்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆகவே அதை நிறுவ நான்கு பக்கம் தேவையில்லை.

மாணவியும் நானும் கவிதையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பதினொரு வரிகள் கொண்ட ஐந்து பகுதிகள், மொத்தம் 55 வரிகள். முதல் பகுதியில் மலைப்பாம்பைப் போல ஒரு கொடி மரத்தைச் சுற்றி இறுக்குகிறது. வேறு எந்த மரமாக இருந்தாலும் அந்தத் தழுவலில் பட்டுப்போயிருக்கும். இந்த மரமோ அதை ஓர் அணியாடையைப் போலப் பூண்டு நிற்கிறது. இரண்டாம் பகுதியில் விடியற்காலை, உச்சியில் சிலைபோல் அமர்ந்து கதிரவன் எழுவதைப் பார்க்கும் குரங்கு, குயில்கள், மேய்ச்சலுக்குச் செல்லும் பசுக்கள், குளத்தில் பனிக்குவியல் போன்ற அல்லிகள். மூன்றாம் பகுதி 'ஆனால்' என்ற சொல்லோடு தொடங்குகிறது.

"இந்தச் சொல்லை உங்கள் கட்டுரையில் காணோமே" என்றேன்.

அவர் எழுதியது வரிசைப்படியான சுருக்கம் அல்லவா? வரிசைக்கு 'ஆனால்' தெரியாது. அதற்கு 'பிறகு' மட்டுமே தெரியும். அந்த இடத்தில் கவிஞர் சொல்வது, மரம் தமக்கு அருமையானது அதன் பேரழகுக்காக அன்று என்பது. அதனடியில் தம்மோடு விளையாடிய தோழர்களுக்காகவே அது என்றைக்கும் அருமையானது என்கிறார். அப்படியானால் முதல் 22 வரிகளில் கட்டி எழுப்பிய அழகு முழுவதையும் 23-ஆம் வரியில் அவரே ஒதுக்கி வைக்கிறார். ஒதுக்குவதற்காக ஒன்றை ஏன் அத்தனை சிரத்தையாகக் கட்ட வேண்டும்? இந்தக் கேள்வி பிறந்த கணத்தில் கட்டுரையும் பிறந்துவிட்டது.

சற்று நேர உரையாடலுக்குப் பின் இப்படி ஒரு வாக்கியம் கிடைத்தது: மரத்தின் அழகைச் சொல்லத் தொடங்கும் இக்கவிதை, அழகு போதாது என்று கண்டு, இறந்தவர்களின் நினைவைக் காக்கும் பொறுப்பை அந்த மரத்திடம் ஒப்படைக்கிறது. இதை மறுக்கலாம். அழகும் நினைவும் பிரிக்க முடியாதவை என்று ஒருவர் வாதிடலாம். மறுக்க முடிவதால்தான் இதை நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவும் பணியே கட்டுரையின் உடல்.

இனி அமைப்பு தானாக வரும். முதல் பத்தியில் இந்த வாக்கியம் இடம்பெற வேண்டும். அடுத்த பத்தி கொடியையும் மரத்தையும் எடுத்துக்கொள்ளும். மலைப்பாம்பு உவமை இருக்கிறது என்று சொல்லி நிறுத்தினால் அது பட்டியல். நெரிக்கும் ஒன்றைச் சுமந்துகொண்டே கம்பீரமாக நிற்கும் மரம், துயரத்தைச் சுமக்கும் கவிஞருக்கு முன்னறிவிப்பாக அமைகிறது என்று சொன்னால் அது விளக்கம். மூன்றாவது பத்தி அந்தத் திருப்பத்தைப் பற்றியது. அதே இடத்தில் மரத்தின் ஓசை, கூழாங்கற் கரையில் அலை மோதும் புலம்பலாக மாறுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். பிரான்ஸ், இத்தாலிக் கடற்கரைகளில் இருந்தபோதும் அந்த ஓலத்தைக் கேட்டதாக அடுத்த பகுதியில் கவிஞர் சொல்கிறார். கண்ணெதிரே இல்லாத மரம் காதில் கேட்கிறது என்றால், அது தோட்டத்திலிருந்து நினைவுக்குள் குடிபெயர்ந்துவிட்டது என்று பொருள். கடைசிப் பத்தி, கவிதையின் இறுதி வேண்டுதலை எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் வேர்ட்ஸ்வொர்த் பாடிய யூ மரங்களைப் போலத் தம் மரமும் சாகாத மரங்களின் வரிசையில் சேர வேண்டும் என்று கேட்கும் கவிஞர், மறதியின் சாபத்திலிருந்து அதை அன்பு காக்கட்டும் என்று முடிக்கிறார். அழகு காக்கட்டும் என்று அவர் கேட்கவில்லை. நம் வாக்கியத்துக்கு இதைவிட வலிய சான்று கிடையாது. வலியதைக் கடைசியில் வைப்பது நல்லது.

குரங்கும் பசுக்களும் எங்கே போயின என்று மாணவி கேட்டார். விட்டுவிடலாம் என்றதும் திகைத்தார். தெரிந்ததை எழுதாமல் விடுவது நம் தேர்வறைகளில் பாவச் செயலைப் போன்றது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். பசுக்களுக்குச் செலவிடும் ஐந்து வரி, 'ஆனால்' என்ற சொல்லுக்குக் கிடைக்காமல் போகும் ஐந்து வரி.

வாழ்க்கை வரலாற்றின் கதை சற்றுச் சிக்கலானது. 1856-இல் கல்கத்தாவில் பிறந்த தோரு தத், 1869-இல் குடும்பத்துடன் ஐரோப்பா சென்று 1873-இல் திரும்பினார். அண்ணன் அப்ஜூ 1865-இலும் அக்காள் ஆரு 1874-இலும் இறந்தனர். 1877-இல், 21-ஆம் வயதில் அவரும் மறைந்தார். இந்தக் கவிதை இடம்பெற்ற நூல் 1882-இல் லண்டனில் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. இவையனைத்தும் தெரிந்திருப்பது நல்லதே. ஆனால் முதல் பக்கத்தில் மொத்தமாகக் கொட்டுவதற்கு உரியவை அல்ல. தோழர்கள் யார் என்ற இடம் வரும்போது, உடன்பிறந்தோரின் மரணத்தை அரை வாக்கியத்தில் சொன்னால் அது சான்றாகிறது. அவர் கற்ற மொழிகளின் பட்டியல் இந்தக் கேள்விக்குத் தேவையில்லை.

மேற்கோளைப் பொருத்தவரை, நான்கு வரிகளை அப்படியே இறக்கிவிட்டுக் கீழே ஒன்றும் சொல்லாமல் நகர்வது நம் மாணவர்களின் வழக்கம். நினைவாற்றலைக் காட்டலாம், வாதத்துக்கு உதவாது. இரண்டு மூன்று சொற்களைத் தம் வாக்கியத்துக்குள்ளேயே மேற்கோள் குறியிட்டுப் பின்னிக்கொண்டால், அந்தச் சொற்களைப் பற்றிப் பேசாமல் நகர முடியாது. முழு வரி மறந்துபோனாலும் குடி மூழ்கிவிடாது. இன்னொரு சிறு செய்தி: ஆங்கிலத்தில் படைப்பைப் பற்றி எழுதும்போது நிகழ்காலத்தில் எழுதுவதே வழக்கு. கவிஞர் இறந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப் போகிறது என்றாலும் கவிதைக்குள் அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். கட்டுரையின் பாதியில் இறந்த காலத்துக்குத் தாவினாலே, கதை சொல்லத் தொடங்கிவிட்டோம் என்று அறிந்துகொள்ளலாம்.

உரைநடைக்கும் இந்த வழி பொருந்தும். கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதை அதே பிளஸ் 2 பாடநூலில் ஆங்கில வடிவில் இருந்தது. வீட்டுக்குப் பெருமை சேர்க்க வந்த நாற்காலி, ஊரில் இறந்தவர்களை உட்கார வைக்க இரவல் போகத் தொடங்கியதும், அதில் உட்காரவே வீட்டார் அஞ்சுகிறார்கள். ஆடம்பர நுகர்வைப் பற்றி தார்ஸ்டின் வெப்லன் 1899-இல் ஒரு நூல் முழுவதும் எழுதியதற்கு இந்தக் கதை ஒரு குறும்புத்தனமான பின்னிணைப்பு என்றே எனக்குத் தோன்றும். ஆங்கிலப் பேராசிரியர் இதை ஏற்பாரா என்று மாணவி கேட்டார். கதையிலிருந்து சான்று காட்டினால் ஏற்பார், காட்டாவிட்டால் ஏற்கக் கூடாது என்றேன்.

நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் 75 மதிப்பெண் என்றால், பத்து மதிப்பெண் கட்டுரைக்கு 24 நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடம் பேனா விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். விடை வாக்கியம், அதைத் தாங்கும் மூன்று குறிப்புகள், ஒவ்வொன்றுக்கும் எடுத்தாளும் இரண்டு சொற்கள். இவ்வளவுதான் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்து இருக்கை மாணவர் அதற்குள் ஒரு பக்கம் எழுதிவிட்டதைப் பார்த்துப் பதறக் கூடாது. எஞ்சிய நேரத்தில் இரண்டு பக்கம் எழுத முடியும். இரண்டு பக்கம் போதும்.

எல்லாத் திருத்துநரும் இதை வரவேற்பார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. விடைக்குறிப்பில் உள்ள கருத்துகள் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றனவா என்று எண்ணுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலேயே அந்தப் பத்தியின் கருத்தைச் சொல்லிவிடுவதுதான் அது. எண்ணுபவர் அதை எண்ணிக்கொள்வார். படிப்பவர் மேலே படிப்பார். அதற்கு அலங்கார ஆங்கிலம் தேவையில்லை. எழுவாயும் பயனிலையும் பொருந்திய பத்துச் சொல் வாக்கியம் போதும். தம் ஆங்கிலமே குறை என்று நினைத்திருந்த அந்த மாணவிக்கு இதை நம்பச் சிறிது நேரம் பிடித்தது. அவருடைய நான்கு பக்கங்களில் இருந்த அலங்காரச் சொற்கள் பெரும்பாலும் நோட்ஸிலிருந்து வந்தவை. அவற்றில் சிலவற்றுக்கு அவருக்கே பொருள் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து, திருத்தி எழுதிய கட்டுரையுடன் மீண்டும் வந்தார். இரண்டே பக்கம். சிறுசிறு வாக்கியங்கள். ஓரிரு இடங்களில் இலக்கணப் பிழையும் இருந்தது. விடை வாக்கியம் முதல் பத்தியில் இருந்தது. ஆனால் கொடியைப் பற்றிய பத்தியில் நான் சொன்னதை அவர் எழுதவில்லை.

"கொடி துயரம்தான் என்று நீங்கள் சொன்னீர்கள் சார். அது எனக்குச் சரியாக வரவில்லை" என்று சற்றுத் தயக்கத்துடன் தொடங்கினார். "மரம் முழுக்கச் சிவப்புக் கொத்தாகப் பூ தொங்குகிறது, பறவையும் தேனீயும் நாள் முழுவதும் அங்கேயே இருக்கின்றன என்கிறாரே. சவுக்கு மரம் எங்கள் ஊரில் தோப்புத் தோப்பாக இருக்கிறது. அதில் அப்படிப் பூ பூத்து நான் பார்த்ததே இல்லை. அது கொடியின் பூவாகத்தான் இருக்க வேண்டும். நெரிக்கிற கொடிதான் மரத்துக்குப் பூவும் கொடுக்கிறது. அப்படியென்றால் அது துயரம் மட்டும் இல்லையே சார்?"

நான் கவிதையை எடுத்து முதல் பகுதியை மறுபடியும் படித்தேன். பல ஆண்டுகளாக அறிந்த கவிதை; அந்தப் பூக்கள் யாருடையவை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

கட்டுரையாளர்: பேராசிரியர் (ஓய்வு).